முள்ளங்குழிவிளையில் பனிப்பொழிவு

முள்ளங்குழிவிளையில் போன சித்திரை மாதம் காய்ச்சல் ஒழிக்கப்பட்டது. காலையிலேயே ஒழித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஒழிக்க வேண்டிய அதிகாரி வருகிற வழியில் திற்பரப்பு அருவியில் குளித்து, தலை துவட்டி, பொரித்த மீனும் தின்றுவிட்டு வர நேரமாகிவிட்டதால் மதியத்துக்கு மேல்தான் ஒழிக்க முடிந்தது. ‘மாவட்டத்தின் முதல் காய்ச்சலில்லாச் சிற்றூர்’ என்று எழுதிய பச்சைப் பலகையைத் திறந்தார்கள். நாடா வெட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். கேசரி தின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அன்று சாயங்காலமே வயிற்றுப்போக்கு கண்டது. வயிற்றுப்போக்கு வேறு பிரிவு என்பதால் விழாவின் சிறப்புக்கு அதனால் பங்கம் ஒன்றும் வரவில்லை.

ஒழித்ததை ஒழித்தபடியே வைத்திருக்கும் பொறுப்பு, ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் அஜிதாவின் தலையில் விழுந்தது. நோய் வந்த பிறகு பார்ப்பவள் ஆஸ்பத்திரி நர்ஸ், வரவிடாமல் பார்ப்பவள் ஊர் நர்ஸ் என்று படிக்கிற காலத்தில் ஒரு டீச்சர் சொன்னதை நம்பி இந்த வேலைக்கு வந்தவள் அவள். வந்து சேர்ந்த பிறகு, வரவிடாமல் பார்க்க வேண்டியது நோய் பற்றிய தகவலை என்று புரிந்தது. தினமும் காலையில் வீடு வீடாகப் போய்க் குடத்தைத் திறந்து கொசுப்புழு பார்க்க வேண்டும். பார்ப்பதைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். படத்தில் செவிலியர் முகமும் வீட்டுக்காரர் முகமும் குடமும் தெரிய வேண்டும். இரண்டு முகங்களும் சிரிக்க வேண்டும். புழு தெரியக் கூடாது. புழு தெரிகிற படத்தைச் செயலி ஏற்காது. ‘படம் தெளிவாக இல்லை’ என்று சிவப்பில் எழுதிக் காட்டும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழை நாட்களில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு கிடையாது. பால் பிடிக்க மரத்துக்கு ஒன்றாகக் கம்பியில் மாட்டிய தேங்காய்ச் செரட்டைகள் மட்டும் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி நின்றன. தோட்டத்தை ஒட்டிய வீடுகளில்தான் முதலில் ஆட்கள் படுத்தார்கள். ஆட்டோ ஓட்டும் செல்வதாஸ் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது அஜிதா போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல்.

“எலும்பெல்லாம் நொறுங்குது நர்சம்மா. கண்ணுக்குப் பின்னால யாரோ கல்லு ஒடைக்கிற கூடத்த வச்சு அடிக்கானுவ.”

பால்வெட்டுக்குப் போகும் அவர் மனைவி ராஜபாய் கஞ்சியை ஆற்றியபடி சொன்னாள்: “பெரிய பனி! மூணு பிள்ள பெத்தப்பம் நான் இவ்வளவு கூவல்ல, கேட்டியா பிள்ளே. மனுசனுக்குப் பனி வந்தா நாலு ஊருக்குத் தெரியணும்.”

“எனக்க பனி எனக்கில்லா தெரியும்” என்றார் செல்வதாஸ் போர்வைக்குள்ளிருந்து.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. எல்லைக்கு அந்தப் புறம் மலையாளத்தில் அப்படித்தான். எல்லைக்கோடு போட்டவர்கள் சொல்லை நடுவில் வெட்ட மறந்துவிட்டதால் இந்தப் புறமும் அப்படித்தான். காய்ச்சல் என்பது பாடப்புத்தகத்திலும் பச்சைப் பலகையிலும் இருக்கும். உடம்பில் வருவது பனி. மார்கழிக் காலையில் புல்லின் மேல் விழுந்து கிடப்பதற்குப் பெயர் மஞ்சு.

அஜிதா தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தாள். ஒரு செரட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், உள்ளே சேமியா பாயசம் கொதிக்கிற மாதிரி இருந்தது. அடுத்ததிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். தோட்டத்துக் காவல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“தோட்டம் முதலாளிக்கு உள்ளது. செரட்டை முதலாளிக்கு உள்ளது. தண்ணி கடவுளுக்கு உள்ளது. புழு கவர்மெண்டுக்கு உள்ளது” என்றார் அவர். “நான் எதையும் தொடவும் மாட்டேன், தொடாதேன்னு சொல்லவும் மாட்டேன்.”

மலைச்சரிவு முழுக்க மரம். அத்தனை செரட்டைகளையும் ஒருத்தி கவிழ்த்துக் கமத்தி முடிப்பதற்குள் மழை விட்டு மறுபடி பால்வெட்டே தொடங்கிவிடும். ஆள் வேண்டும். புகை மருந்து வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இது டெங்குவா என்று பார்க்க இரத்தப் பரிசோதனைச் சாமான் வேண்டும். எல்லாம் நாகர்கோவிலில், நோய்த் தடுப்பு முனைப்பு அலுவலகத்தில் இருந்தது. செயலியில் கேட்கலாம் என்று திறந்தாள். ‘காய்ச்சல்’ என்ற கட்டத்தைத் தொட்டதும், ‘இந்த வசதி உங்கள் ஊரில் இல்லை’ என்று வந்தது.

ஆகவே ‘காய்ச்சலற்ற குமரி’ என்ற வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள். அவசரத்தில் வீட்டில் பேசுகிற தமிழ் வந்துவிட்டது.

“சார், முள்ளங்குழிவிளையில ஊரு முழுக்க பனியாக்கும். நாளுக்கு நாள் கூடுது. ஆட்டோ ஓட்டுற செல்வதாஸ்னு ஒரு ஆளு கடுத்த பனியில கண்ணத் தொறக்க முடியாம கெடக்காரு, வண்டி எடுக்க முடியல்ல. ஒடனே சாதனம் அனுப்பணும் சார்.”

முனைப்பு அலுவலகத்தின் தலைவர் டாக்டர் பரிமளநாதன் ஏற்காட்டில் பிறந்தவர். நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் வியர்த்துக்கொண்டிருப்பவர். குரல் பதிவைக் கேட்டவர் கண் கலங்கியதாக அவருடைய ஓட்டுநர் பிற்பாடு சொன்னார். குழுவில் மூன்று கைகூப்பும் ஒரு ரோஜாவும் போட்டு, ‘ரம்மியமான செய்தி. தக்க முன்னேற்பாடுகள் செய்யப்படும்’ என்று எழுதினார். தலைவரே எழுதிவிட்டதால் மற்ற நூற்றுச்சொச்சம் பேரும் ஆளுக்கொரு ரோஜா போட்டார்கள்.

வண்டி வந்தே விட்டது. அஜிதா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். வண்டியிலிருந்து இறங்கியவை: கம்பளிகள், குரங்குக் குல்லாக்கள், ‘பனிப்பொழிவு முன்னெச்சரிக்கை முகாம்’ என்ற பதாகை, மூட்டத்தில் வாகனம் ஓட்டுவோர் மஞ்சள் விளக்கை எரியவிட வேண்டும் என்று அச்சடித்த துண்டுக் காகிதங்கள்.

“மருந்து எங்க அண்ணே?”

“இதாம்மா இருந்தது. குளுரு ஊருன்னு சொன்னாவ. எனக்கு இஞ்ச வேர்த்து ஊத்துது” என்றார் ஓட்டுநர்.

படம் கேட்டு அரைமணிக்கு ஒருதரம் செய்தி வந்தது. அஜிதா வேறு வழியில்லாமல், நெருப்பாய்க் கொதிக்கும் ஆட்களுக்குக் குல்லா மாட்டி வரிசையாக உட்காரவைத்தாள். செல்வதாஸின் முகத்தில் மூக்கு மட்டும் தெரிந்தது.

“நர்சம்மா, பனியில சாவாதவன் இந்தக் குல்லாயில செத்துருவான்.”

“ஒரு போட்டோ அண்ணே. எடுத்துட்டுக் கழத்திருவேன்.”

“சிரியும், சிரியும்” என்று ராஜபாய் பின்னாலிருந்து குல்லாவை இழுத்துவிட்டாள். “நம்ம கல்யாண போட்டோவுல சிரிக்காத ஆளு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாய் தானாகவே வந்தாள். “பிள்ளே, ஒரு வரிசையாவது கமத்துவமா? எனக்க மரம் முழுக்க எனக்குத் தெரியும்.” இருவரும் சேர்ந்து வீடுகளை ஒட்டிய மரங்களில் செரட்டைகளைக் கமத்தினார்கள். கை முழுக்கப் புழுத் தண்ணீர். ராஜபாய் அதை மரத்தில் துடைத்துக்கொண்டு, “கவர்மெண்டுக்க புழுவ நான் கொன்னதுக்குக் கேஸ் உண்டா பிள்ளே?” என்றாள்.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு அஜிதா நாகர்கோவில் போனாள். பகுதிச் செவிலியர் பேபி அக்கா, இந்தத் துறையில் தலை நரைத்தவள், பேருந்திலேயே எச்சரித்தாள்.

“மக்கா, அங்க போயி வாயத் தொறக்காதே. கும்மிக்குக் கை தட்டு. பலகாரம் தருவாவ, தின்னு. வா.”

“ஆளுக படுத்துக் கெடக்காவக்கா.”

“நீ பேசினா எழும்பிருவாவளா?”

குளிரூட்டிய அரங்கு. முதலில் கைகழுவும் கும்மி. நோய்த் தடுப்பில் செவிலியரின் பங்கு மகத்தானது என்பதால், தடுக்க வேண்டிய வேலை நாட்களில் பத்து நாள் இந்தக் கும்மிக்கு ஒத்திகை பார்த்திருந்தார்கள். ‘சோப்புப் போடுங்கடி’ என்ற இடத்தில் குனிய வேண்டும். ‘நோயை ஓட்டுங்கடி’ என்ற இடத்தில் அதிகாரிகள் பக்கம் பார்த்து நிமிர வேண்டும். இடுப்பு வலிக்காரியான பூதப்பாண்டிச் செவிலியர் ஒருத்தி குனிந்தவள் நிமிரவில்லை. அதை நடனத்தில் ஒரு புதுமை என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

பிறகு டாக்டர் பரிமளநாதன் பேசினார். முள்ளங்குழிவிளையில் பனி பொழிகிறது. நானே நேரில் போய் அதில் நடக்க ஆசைப்படுகிறேன். குல்லா அணிந்த மக்களின் புன்னகை என் நெஞ்சை விட்டு அகலவில்லை என்றார். அஜிதா எழுந்துவிட்டாள். பேபி அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். தலைப்புதான் இறங்கியது, அஜிதா இறங்கவில்லை.

“சார், பனின்னா மஞ்சு இல்ல சார். மேலுக்கு வாறது. காய்ச்சல்.”

கோயிலுக்குள் யாரோ கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டதைப் போல எல்லா முகங்களும் சுருங்கின. காய்ச்சல் என்ற சொல் சித்திரைக்குப் பிறகு அந்த அரங்கில் உச்சரிக்கப்பட்டதே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

“உங்கள் மக்கள் அதைக் காய்ச்சல் என்று சொல்வதில்லையா?”

“இல்ல சார். பனின்னுதான்.”

“யாருமே?”

“ஒருத்தரும் சொல்ல மாட்டாவ சார்.”

டாக்டர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தோழர்களே, இந்தச் சகோதரி இன்று நம் கண்ணைத் திறந்திருக்கிறார். மக்கள் மொழியை மதிக்காத துறை என்ன துறை? எத்தனையோ ஆண்டுகளாக நாம் இந்த எளிய மக்கள் மீது காய்ச்சல் என்ற சொல்லைத் திணித்து வந்திருக்கிறோம். அவர்களுக்குக் காய்ச்சல் வரவில்லை. வந்ததே இல்லை. வந்தது பனி. அதை அவர்களே சொல்கிறார்கள். காய்ச்சலுக்கு நமக்கு இலக்கு உண்டு, கேள்வி உண்டு, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பனிக்கு இலக்கே இல்லை. இலக்கு இல்லாத ஒன்றில் நாம் எப்படித் தோற்க முடியும்? இன்று முதல் மாவட்டம் முழுவதும் மக்கள் மொழியே நமது மொழி.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அஜிதா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பம் ரத்தம் பாக்குற சாமான் சார்?”

“அது காய்ச்சல் உள்ள ஊர்களுக்கம்மா. உங்கள் ஊரில்தான் இல்லையே.”

“செரட்டைய கமத்த ஆளு சார்?”

“செரட்டை தோட்டக்கலைத் துறை. உட்காருங்கள். பலகாரம் வருகிறது.”

திரும்பும்போது பேபி அக்கா பேருந்தில் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து அஜிதாவின் மடியில் வைத்தாள். பிறகு, “உள்ள சொல்லையும் புடுங்கிக் குடுத்திட்டு வந்திருக்கே மக்கா” என்றாள்.

அடுத்த வாரமே பயிற்சிகள் தொடங்கின. பூதப்பாண்டிப் பக்கத்தவர்கள் காய்ச்சலைக் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகிய பிடிவாதக்காரர்கள். அவர்களுக்குப் பனி என்று சொல்லப் பயிற்சி அளித்து, எலுமிச்சம் சாதம் கொடுத்து அனுப்பினார்கள். இராஜாக்கமங்கலத்தில் ஒரு மீனவர், “பேர மாத்தினா உடம்பு ஆறுமா?” என்று கேட்டார். ஆறும் என்று எழுத்துமூலம் பதில் தரப்பட்டது. ஒரே மாதத்தில் மாவட்டம் முழுக்கக் காய்ச்சல் அடியோடு மறைந்தது. மருந்துக் கடைகளில் மாத்திரை தீர்ந்துபோனது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

இப்படி ஒரு சாதனையை வடக்கே கேள்விப்பட்டார்கள். விருதுக் குழு ஒன்று முள்ளங்குழிவிளையைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. ஊர் அமளிப்பட்டது. ரோட்டோரக் கற்களுக்கு வெள்ளை அடித்தார்கள். படுத்துக் கிடப்பவர்களின் வீட்டு வாசல்களைத் துணிகட்டி மறைத்தார்கள். காய்ச்சல் உண்டா என்று கேட்டால், ‘இல்லை, பனிதான்’ என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று தெருமக்களுக்கு ஒத்திகை நடந்தது.

குழு வரும் பாதையைப் பார்வையிட வந்த டாக்டர், வீடுகளை ஒட்டிய மரவரிசையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இந்தக் கிண்ணங்கள் எவ்வளவு கலைநயத்தோடு இருக்கின்றன! ஏன் இந்த வரிசை மட்டும் கவிழ்ந்திருக்கிறது?”

“நாங்கதான் சார் கமத்தினோம். கொசு...”

“நிமிர்த்துங்கள். எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்துக்கொரு மஞ்சள் கேந்திப்பூ மிதக்கவிடுங்கள். நம் பாரம்பரிய வரவேற்பு.”

சுற்றுவட்டாரச் செவிலியர்கள் எல்லாரையும் தடுப்பூசி வேலையிலிருந்து அழைத்து வந்தார்கள். குழாய் வைத்து, செரட்டை செரட்டையாகத் தண்ணீர் நிரப்பினார்கள். வரிசையின் கடைசி மரங்கள் அஜிதாவின் பங்குக்கு வந்தன. ஊற்றினாள். ஊற்றிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையை வெட்டித் தோட்டத்தில் எறிந்துவிடலாம் போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பூ மிதக்கிறதா என்று செயலி படம் கேட்டது. இந்தப் படத்தைச் செயலி உடனே ஏற்றுக்கொண்டது. மிகத் தெளிவாக இருக்கிறதாம்.

ராஜபாய் அன்று வரவில்லை. அவளும் படுத்திருந்தாள். செல்வதாஸ் கூவியதில் பாதிகூட அவள் கூவவில்லை. அஜிதாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. தினமும் போய்க் கஞ்சித் தண்ணீர் புகட்டிவிட்டு வந்தாள்.

“ரத்தம் பாக்கணும் எக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“உனக்க விழா முடியட்டு பிள்ளே. எனக்கு எறங்கிரும்.”

விருதுக் குழு வந்த அன்று செவிலியர்கள் பட்டுச்சேலை கட்டி, பன்னீர்ச் செம்பும் பூத்தட்டுமாக ரோட்டின் இருபுறமும் நின்றார்கள். வரவேற்பு வளைவுக்குத் தாங்கலாகவும் அழகாகவும் இருக்கட்டும் என்று ஆம்புலன்ஸை வாழைமரம் கட்டிக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். குழுத் தலைவர் வெள்ளைத் தாடிக்காரர். பூ மிதக்கும் செரட்டைகளுக்கு நடுவே நடந்து வந்தவர், பத்தடிக்கு ஒருதரம் குனிந்து கால் சொறிந்தார். இது உள்ளூர் வணக்கமுறை என்று நினைத்து, பக்கத்தில் வந்தவர்களும் குனிந்து சொறிந்தார்கள்.

தலைவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர், “காய்ச்சல் உண்டா என்று ஐயா கேட்கிறார்” என்றார்.

“இல்லை, பனிதான்!” என்றது தெரு.

மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். ஒரு நொடி திகைத்தார். கேட்டதைச் சொல்வதுதான் தொழில் என்று நினைத்தாரோ என்னவோ, “நோ ஃபீவர் சார். ஒன்லி ஸ்நோ” என்றார்.

குழுத் தலைவர் வானத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்தார். இந்தியாவின் தென்கோடியில் பனி. அதுவும் மக்களே சாட்சி. டாக்டர் பரிமளநாதன் தலையைத் தாழ்த்தி, “எல்லாம் கூட்டு முயற்சி” என்றார்.

அப்போதுதான் செல்வதாஸ் மறைப்புத் துணியை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“நர்சம்மா, அவளுக்குப் பனி விட்டிற்று. ஆனா ஆளு சரியில்ல. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருளுதா. பல்லுல ரத்தம் வருது. கூப்பிட்டா கேக்க மாட்டங்கா.”

அஜிதா பூத்தட்டோடு வரிசையை விட்டு வெளியே வந்தாள். டாக்டர் சிரிப்பு மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, “தட்டோடு எங்கே போகிறாய்? நில்” என்றார்.

தட்டைப் பேபி அக்கா பிடுங்கிக்கொண்டாள். “நீ போ மக்கா. தட்டு பிடிக்கதுக்கு நான் படிச்சிருக்கேன்.”

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கையை விரித்தார். வாழைமரத்தை அவிழ்த்தால் வளைவு சாயும். வளைவு சாய்ந்தால் தன் வேலை சாயும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அஜிதா போன் போட்டாள். அங்கே காய்ச்சல் வார்டு என்று ஒன்று இப்போது கிடையாதாம். காய்ச்சலே இல்லாததால் அதைக் குழுவினரின் சாப்பாட்டுக்கூடமாக மாற்றி, இலையும் போட்டாயிற்றாம்.

ராஜபாயைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள். கை கால் ஐஸ் மாதிரி இருந்தது. செல்வதாஸ் வண்டியைக் கிளப்பினார்.

“எங்கோட்டு விட நர்சம்மா?”

அஜிதா ஒரு நொடிதான் யோசித்தாள். “மேக்கோட்டு விடும் அண்ணே. எல்ல தாண்டி. நாம சொல்லுதது மனசிலாகிற எடத்துக்குப் போவம்.”

எல்லைக்கு அப்பால் அந்த அரசு ஆஸ்பத்திரியில் வளைவு இல்லை, கும்மி இல்லை. தரை ஈரமாகக் கிடந்தது. அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ், தூங்கி நாளானவள் போன்ற கண்களோடு நிமிர்ந்து பார்த்தாள். அஜிதாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“பனி.”

“எத்ர திவசமாயி?” என்று எத்தனை நாள் என்பதைக் கேட்டுக்கொண்டே அந்த நர்ஸ் ராஜபாயின் நாடியைப் பிடித்துவிட்டாள். இமையை விலக்கிப் பார்த்தாள். திரும்பி இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். கேள்வி முடிவதற்குள் ஊசி ஏறியது, இரத்தம் எடுத்தாயிற்று, சலைன் இறங்கத் தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. அஜிதா சுவரோரமாகப் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். ஒரு சுகாதார ஊழியரிடம் சொன்ன சொல் சுகாதார ஊழியருக்குப் புரிந்தது. அதற்குத்தான் அவ்வளவு அழுகை.

டெங்குதான். பிளேட்லெட் பாதாளத்தில் கிடந்தது. இரண்டு நாள் இங்கேயா அங்கேயா என்று இழுத்து, மூன்றாம் நாள் ராஜபாய் கண் விழித்தாள். பக்கத்தில் குத்த வைத்திருந்த கணவனைப் பார்த்தாள். “ஆட்டோவ யாருகிட்ட விட்டுட்டு வந்தீரு?” என்றாள். செல்வதாஸ் வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. டெங்கு நோயாளி வந்தால், எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊரின் அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டார்கள். டாக்டர் பரிமளநாதன் அஜிதாவை அழைத்தபோது, சால்வையும் விருதுமாக அவர் படம் அறைச்சுவரில் மாட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

“என்ன காரியம் செய்துவிட்டீர்கள் சிஸ்டர்? நம் ஊர்ப் பனி நம் ஊரிலேயே இருந்திருந்தால் கடைசிவரை பனியாகவே இருந்திருக்கும். நீங்கள் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோய் டெங்குவாக்கிவிட்டீர்கள். வேறு மாநிலத்தில் டெங்குவை உண்டாக்கியது சாதாரணக் குற்றமா?”

“அந்த அக்கா செத்திருப்பாவ சார்.”

“இங்கேயே இறந்திருந்தால் அது இயற்கை. அங்கே பிழைத்ததால்தானே புள்ளிவிவரமாகிவிட்டது?” அவர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார். “நோயாளியைப் பற்றி மட்டுமே நினைத்தால் நோய்த் தடுப்புத் துறை எப்படியம்மா நடக்கும்?”

உத்தரவு மறுநாளே வந்தது. துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேபி அக்கா கண்ணாடி மாட்டி அதைப் படித்தாள். படித்தவள் காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

“ஏட்டி, இதப் பாரு. மூணு சுழி போடவேண்டிய எடத்துல ரெண்டு சுழி போட்டு வச்சிருக்கானுவ.”

மாதக்கணக்காகப் பனி, பனி என்றே தட்டித் தட்டி அலுவலகத்துத் தட்டச்சரின் விரலுக்கு வேறு எதுவும் வராமல் போயிருக்க வேண்டும். ‘மேற்படி செவிலியர் உடனடியாகப் பனியிடை நீக்கம் செய்யப்படுகிறார்’ என்று இருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து. அதன் மேல் வட்ட முத்திரை.

“சவத்த, ஒரு சுழி கொறஞ்சா என்ன. வேல போனது போனதுதான்” என்றாள் பேபி அக்கா.

அஜிதா காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்வதாஸின் வீட்டுத் தெருவுக்கு நடந்தாள். குடம் திறக்க வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை, கும்மி இல்லை. நாள் முழுவதும் கிடந்தது. தெருவில் பனி விட்டு எழுந்த பெண்கள் சோர்ந்துபோய் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துச் செரட்டைகளில் கேந்திப்பூக்கள் அழுகி, தண்ணீர் கறுத்து நாறிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு வேல இல்லன்னு சொன்னாவளே நர்சம்மா?” என்றாள் ஒருத்தி.

அஜிதா உத்தரவை விரித்து, ஓரெழுத்தும் மாற்றாமல் உரக்க வாசித்தாள். பெண்கள் கவனமாகக் கேட்டார்கள். முத்திரையை ஒருத்தி விரலால் தடவிப் பார்த்தாள்.

“உடனடியாட்டுப் பனிய நீக்கணும்னுல்லா போட்டுருக்கு.”

“ஆமா.”

அவள் சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“பின்ன இத்தன நாளும் என்னத்தயாக்கும் செஞ்சுக்கிட்டு இருந்திய?”

அஜிதா உத்தரவை மடித்து இடுப்பில் வைத்தாள். முதல் மரத்துக்குப் போய்ச் செரட்டையைக் கமத்தினாள்.